சகலைக்கு ஒரு லேயர்

பழிவாங்குவதற்கு எங்கள் பக்கத்தில் பல வழிகள் உண்டு. வரப்பை வெட்டலாம், வண்டிப் பாதையை அடைக்கலாம், கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதாமல் சாப்பிட்டுவிட்டு வரலாம். நான் கம்ப்யூட்டரில் ஒரு புது டிராயிங் திறந்தேன்.

இதில் என்ன பெரிய வீரம் என்று கேட்பீர்கள். கீரமங்கலம் கடைவீதியில் ஓர் உரக்கடைக்கு மேலே அறை எடுத்து, இத்தனை வருடமாக வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிறவன் நான். ஆனால் அதுவரை புது டிராயிங் என்று ஒன்றைத் திறந்ததே இல்லை. கம்ப்யூட்டர் வாங்கியபோது யாரோ ஒரு புண்ணியவான் தான் போட்ட வீடு ஒன்றை அதில் ஏற்றிக் கொடுத்தார். யார் பிளான் கேட்டு வந்தாலும் அந்த பைலைத் திறப்பேன். அதிலிருக்கும் வீட்டை அழிப்பேன். வந்தவருடைய வீட்டை வரைவேன். வேறு பெயரில் சேமிப்பேன். சுற்றுவட்டாரத்தில் பாதி வீடு அந்த ஒரு வீட்டின் வயிற்றில் பிறந்ததுதான். அளவு எதில் இருக்கிறது, எழுத்து எவ்வளவு பெரிசு, கோடு எந்தத் தடிமன் என்பதெல்லாம் அந்தப் புண்ணியவான் அமைத்து வைத்தது. நான் தொட்டதில்லை. தொட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

இந்த ரகசியத்தை உடைத்தவர் என் சகலை. என் மனைவியின் தங்கை புருஷன். வளைகுடாவில் ஒரு பெரிய கம்பெனியில் வருடக்கணக்காகக் கம்ப்யூட்டரில் படம் போட்டுவிட்டு, அறந்தாங்கியில் வந்து இறங்கியவர். வந்த புதிதில், "சகலை, நீங்க போட்ட பிளான் ஒண்ணு அனுப்புங்க, நம்ம ஊர்ல எப்புடிப் போடுறாங்கன்னு பாப்போம்" என்று தேன் ஒழுகக் கேட்டார். நானும் பெருமையாக ஒன்றை செல்போனில் அனுப்பிவைத்தேன்.

அதற்குப் பதில் வந்தது மச்சினன் பிள்ளையின் காதுகுத்துப் பந்தியில்.

"சகலை அனுப்புன பிளானத் தொறந்து பாத்தேன்" என்று இலையில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார். "செவுரு, கதவு, கட்டிலு, கக்கூசு எல்லாம் ஒரே லேயர்ல கெடக்கு! எலையில சோத்தப் போட்டு கொழம்பு, ரசம், மோரு, பாயாசம் அம்புட்டையும் ஒண்ணா ஊத்திப் பெசஞ்ச மாதிரி!"

லேயர் என்பது ஒன்றுமில்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல. சுவருக்கு ஒரு தாள், கதவுக்கு ஒரு தாள், அளவுகளுக்கு ஒரு தாள். வேண்டாததை மறைத்துக்கொள்ளலாம், வேண்டியதை மட்டும் பார்க்கலாம். முறையாகப் படித்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பந்தியில் இருந்த ஒருவருக்கும் லேயர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் பாயாசத்தில் ரசத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்ற என் மனைவி சிரித்த சிரிப்பில் வாளி குலுங்கி, என் வெள்ளை வேட்டியில் ஒரு முருங்கைக்காய் விழுந்தது.

எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். அவமானப்பட்டவன் சிரிப்புக்கென்று ஒரு சத்தம் உண்டு, பால் பொங்கி அடுப்பில் விழுகிற சத்தம். அன்றே முடிவு செய்துவிட்டேன், இந்த ஆளை விடுவதில்லை.

வாய்ப்பை என் மாமனாரே கொண்டுவந்து கொடுத்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் மாடி வீடு கட்டப் போவதாகச் சொன்னார்.

"ரெண்டு மாப்ளயும் இந்தத் தொழில்லதான் இருக்கீங்க. ஆளுக்கு ஒரு பிளானு போட்டுக்கிட்டு ஞாயித்துக்கெழம வாங்க. எது புடிக்குதோ அதக் கட்டுவோம். ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். உள்கூடு மனையடிப்படி இருக்கணும். ஹாலு பதினாறு, ரூமு பதினொண்ணு. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

உள்கூடு என்றால் சுவருக்குச் சுவர் உள்ளே பிடிக்கிற அளவு. மனையடி சாஸ்திரத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பலன் இருக்கிறது. சில அடிக்குச் செல்வம், சில அடிக்குப் பகை. என் மாமனார் மாத்திரையைக்கூட மறப்பார், இதை மறக்கமாட்டார்.

சகலை பிளான் ஜெயித்தால் என்ன ஆகும் என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கேதான் போய்த் தங்கவேண்டும். சாகிற வரைக்கும் சகலை போட்ட ரூமில் படுத்து, சகலை வைத்த ஜன்னலில் காற்று வாங்கி, சகலை காட்டிய இடத்தில் குளிக்கவேண்டும். வருகிறவர் போகிறவர் எல்லாம், "யாரு போட்ட பிளானு? சின்ன மாப்ளயா? பெரிய மாப்ளயும் ஏதோ கோடு போடுறவருன்னு சொன்னாங்களே" என்பார்கள். முதுகெல்லாம் எரிந்தது.

ஆகவே புது டிராயிங். பழைய பைல் வேண்டாம். அவர் திறந்து பார்த்து அசந்துபோகிற மாதிரி, அடியிலிருந்து நானே அமைத்த டிராயிங்.

உரக்கடைக்காரரிடம், "யாரு வந்தாலும் நான் புதுக்கோட்டை போயிட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். 'புதியது' என்று அழுத்தினேன். அளவு, எழுத்தெல்லாம் முன்னமே அமைத்த டெம்ப்ளேட்டில் எது வேண்டும் என்று கேட்டது. கீழே லாட்டரிச் சீட்டு மாதிரி வரிசையாகப் பெயர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். திரை முழுக்க இருட்டு. என் பழைய பைலில் அழிப்பதற்காவது யாருடைய வீடாவது இருக்கும். இங்கே ஒரு நாதியும் இல்லை. சுடுகாட்டில் தனியாக விட்ட மாதிரி இருந்தது. ஃபேன் வேகத்தைக் கூட்டி வைத்தேன்.

ஹாலில் ஆரம்பிப்போம் என்று பதினாறு அடித்து, அடிக்கு உண்டான மேற்கோட்டையும் போட்டுத் தட்டினேன். சரியான எண்ணைக் கொடு என்றது. பதினாறில் என்ன தப்பு? மறுபடி தட்டினேன். மறுபடி அதையே சொன்னது. "ஏய், பதினாறு அடிதாண்டா!" என்று கத்தியே விட்டேன். கீழே உரக்கடையில், "புதுக்கோட்டைக்குப் போயிட்டாருன்னீங்க?" என்று யாரோ கேட்பது காதில் விழுந்தது.

அந்த டெம்ப்ளேட் மில்லிமீட்டர்காரர்களுடையது. அடி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, நிறுத்தி, பின்னால் இழுத்து மறுபடி பார்த்து, யூனிட் மாற்றுகிற ஜன்னலைக் கண்டுபிடித்தேன். அடி, இன்ச் என்று மாற்றினேன். வெற்றிக் களிப்பில் பதினாறு, பதினாறு என்று தட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. தேடினேன். பெரிதாக்கினேன். ஒரு மூலையில் புள்ளி மாதிரி இருந்தது. மேற்கோடு போடாமல் வெறும் பதினாறு என்று தட்டினால் அது பதினாறு இன்ச் என்று எடுத்துக்கொள்ளுமாம். மாமனாரின் ஹாலில் ஒரு கோழியை உட்கார வைக்கலாம், அதுவும் அடை காக்கிற கோழியாக இருக்கவேண்டும், எழுந்து நிற்க இடமில்லை.

ஹால் சரியானதும் அளவு எழுதினேன். 'பதினாறு அடி' என்ற எழுத்து ஹாலைவிடப் பெரிசாக வந்து, வாசலைத் தாண்டி ரோட்டில் நின்றது. எழுத்தின் உயரத்தைக் குறைத்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி ஆனது. கூட்டினேன், குறைத்தேன். ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தேன். கட்டினது என்னமோ ஒரு செங்கல்கூட இல்லை. ஆனால் அந்த யூனிட் ஜன்னலோடு மல்லுக்கட்டியபோதுதான் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. சகலை மில்லிமீட்டரில் வளர்ந்த ஆள். மில்லிமீட்டர்காரர்கள் முழு எண்ணாக ரவுண்ட் பண்ணாமல் தூங்கமாட்டார்கள். பதினோரு அடியை மில்லிமீட்டரில் போட்டுப் பார்த்தேன். மூவாயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டு, அதற்குப் பிறகும் ஒரு வால். அந்த வாலைச் சகலை கண்டிப்பாக நறுக்கியிருப்பார். பயம் போய் வாயில் பால்கோவா இனித்தது.

அந்த இனிப்போடு லேயருக்கு வந்தேன்.

ஒவ்வொரு லேயருக்கும் ஒரு பெயர் கேட்டது, ஒரு நிறம் கேட்டது. முதலில் ஒழுங்காகத்தான் 'சுவர்' என்று தட்டினேன். தடித்த கோடு. தடித்த கோட்டைப் பார்த்ததும் சகலை ஞாபகம் வந்தது. அழித்துவிட்டு 'மண்டைக்கனம்' என்று போட்டேன். கை தானாக ஓடியது. கதவுகளுக்கு 'மூடாத வாய்'. மாடிப்படிக்கு 'வெளிநாட்டுப் பெருமை'. அளவுகள் எழுதுகிற லேயருக்கு 'அளப்பு'. அந்த ஆள் அளக்கிற அளப்புக்கு இதைவிடப் பொருத்தமாக இன்னொரு பெயர் அமையாது. அடுப்படிக்கு என்ன வைப்பது என்று யோசித்தேன். வேட்டியில் விழுந்த முருங்கைக்காய் கண்ணில் வந்தது. 'சிரிச்சவ'. போர்ட்டிகோ தூணுக்கு 'பெருசு'. மாமனார் மேல் கோபம் ஒன்றும் இல்லை, வரிசையில் வந்துவிட்டார். கடைசியாக செப்டிக் டேங்க். மண் நிறம் கொடுத்தேன். பெயர், 'சகலை'.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பல்பு இருக்கும். அதை அணைத்தால் அந்த லேயரில் இருப்பது திரையிலிருந்து மறைந்துவிடும். சகலையை அணைத்தேன். எரியவிட்டேன். அணைத்தேன். மத்தியானச் சாப்பாடு மறந்துபோகிற அளவுக்கு அதையே செய்துகொண்டிருந்தேன். பேப்பரில் அடித்தால் லேயர் பெயர் வராது, கோடுதான் வரும். எவனுக்குத் தெரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை பிளானைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்துக் குழலாகச் சுருட்டிக்கொண்டு போனேன். மாமனார், மாமியார், அக்கா தங்கை இருவர், சகலை எல்லாரும் ஹாலில் இருந்தார்கள். குழலைப் பார்த்ததும் சகலை சிரித்தார்.

"என்ன சகலை, கல்யாண நோட்டீசு ஒட்ட வந்த மாதிரி சுருட்டிக்கிட்டு வந்திருக்கீங்க? பைலு பென்டிரைவ்ல இருக்கா? குடுங்க. மாமா, ரெண்டு பேரோடதையும் டிவியிலயே போட்ருவோம்."

பென்டிரைவ் சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் லேயரைப் பார்த்து மெச்சவேண்டும் என்றுதானே இவ்வளவு பாடும். எடுத்துக் கொடுத்தேன். பெயர்கள் ஒன்றுகூட அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. அப்படி ஒரு மூளை.

தன் லேப்டாப்பை டிவியோடு இணைத்தார். முதலில் அவருடையது. சும்மா சொல்லக்கூடாது, வீடு டிவியில் சுழன்றது. வாசலில் கார், காருக்குப் பக்கத்தில் ஒரு பேரீச்சை மரம். அந்த மரத்தைக்கூட விட்டுவிட்டு வர மனசில்லாமல் கொண்டுவந்திருந்தார்.

"அடியாத்தி, மாடியில லைட்டெல்லாம் எரியுது!" என்று மாமியார் வாயைப் பிளந்தார்.

நான் பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்கு சகலை. அந்த பெட்ரூமு அளவு எம்புட்டு?"

"மூவாயிரத்து முந்நூறு."

"மூவாயிரத்து முந்நூறு என்னது? தேங்காயா?"

"மில்லிமீட்டருங்க சகலை."

"மாமாவுக்கு மில்லிமீட்டருல்லாம் மழைக்குத்தான் தெரியும். அடியில சொல்லுங்க."

அவர் செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டார். முகம் மெல்ல மாறியது. அந்த மாற்றத்தை நான் அங்குலம் அங்குலமாகக் குடித்தேன். "பதினொண்ணுதான். ஒரு பத்தடி பத்து இன்ச்சு வரும். ரவுண்ட் பண்ணியிருக்கேன். கண்ணுக்கே தெரியாது மாமா."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பத்தடி பத்து இன்ச்சா?"

"பத்துக்கு ஒரு பலன் இருக்கு, பதினொண்ணுக்கு ஒரு பலன் இருக்கு" என்றார் மாமியார். "நடுவுல நின்னா என்ன பலன்னு எந்தப் புஸ்தகத்துலங்க போட்டிருக்கு? என்ன வரும்னே தெரியாத ரூமுல எப்புடிப் படுத்துத் தூங்குறது?"

"அத்தே, மாத்துறது ஒரு நிமிஷ வேல..."

"ஒரு நிமிஷ வேலைய வீட்டுலயே செஞ்சிருக்கலாம்ல?" என்று நான் கேட்கவில்லை. கேட்டது அவருடைய மனைவி. நான் கேட்டிருந்தால்கூட அவ்வளவு இனித்திருக்காது.

அப்புறம் என் வீடு டிவியில் வந்தது. சுழலவில்லை, மரமில்லை. ஆனால் ஹால் பதினாறு, ரூம் பதினொன்று, அடிக்கு அடி, இன்ச்சுக்கு இன்ச். மாமனார் எழுந்துபோய் டிவியைத் தொட்டுப் பார்த்தார். நான் கால்மேல் கால் போட்டேன்.

"அளவு அம்சமா இருக்கு மாப்ளே. ஆனா எழுத்தா இருக்கவும் கண்ணக் கட்டுது. இந்த அளவெல்லாம் மறச்சுப்புட்டு வீட்ட மட்டும் காமிங்களேன்."

"இதோ மாமா" என்று மவுசை வாங்கி, கெத்தாக லேயர் பட்டியலைத் திறந்தேன்.

திறந்த பிறகுதான் என்ன திறந்திருக்கிறேன் என்று தெரிந்தது. டிவியின் பாதி அளவுக்கு, பளிச்சென்ற தமிழில், அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தது. மூட வேண்டும். மூடுகிற பெருக்கல் குறி எந்த மூலையில் இருக்கிறது? மவுஸ் அம்பைக் காணவில்லை. லேப்டாப்பில் தேடினேன், அது டிவியில் இருந்தது. டிவியில் தேடினேன், லேப்டாப்புக்கு வந்துவிட்டது. கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. "கரண்டு போயிறணும் ஆத்தா, இப்பப் போயிறணும்" என்று வேண்டினேன். தினம் போகிற கரண்டு அன்றைக்குப் போகவில்லை.

மாமனார் ஸ்டாப்பிங் கூப்பிடுகிற அதே குரலில் படித்தார். "அளப்பு... சகலை... சிரிச்சவ... பெருசு... மண்டைக்கனம்... மூடாத வாய்... வெளிநாட்டுப் பெருமை..." படித்துவிட்டுத் திரும்பினார். "இதெல்லாம் என்ன மாப்ளே, எல்லாம் ஒரே ரூட்டுல போகுது?"

"அது... சாப்ட்வேரே வைக்கிற பேரு மாமா."

"சிரிச்சவன்னா யாரு?" என்று என் மனைவி நிதானமாகக் கேட்டாள்.

"ஒன்னயத்தாங்க்கா. மச்சான் ஒன்ன அடுப்படியில வச்சிருக்காரு" என்றாள் கொழுந்தியாள், பெயருக்கு நேரே இருந்த நிறத்தை அடுப்படிக் கோட்டின் நிறத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு.

"வீட்டுக்கு வாங்க" என்றாள் மனைவி என்னைப் பார்த்து. அவ்வளவுதான்.

சகலை எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து லேப்டாப்பை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். அவர் பொறுமையாக அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"மாமா, அந்த 'சகலை'ய அணச்சுப் பாப்போம். என்னது காணாமப் போகுதுன்னு கவனிங்க." பல்பை அணைத்தார். பின்பக்கத்தில் செப்டிக் டேங்க் மறைந்தது. "பாத்தீங்களா? சகலை இல்லாட்டி இந்த வீடே நாறிப்போகும்!"

வீடு வெடித்தது. மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. அந்தக் கணத்தில் நான் அவரை வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை. என் கத்தியை என்னிடமிருந்தே வாங்கி, அதில் எல்லாருக்கும் மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டார் பாவி.

மாமனார் மட்டும் சிரிக்காமல் மவுசை வாங்கினார். 'பெருசு'க்குப் பக்கத்து பல்பை அணைத்தார். போர்ட்டிகோ தூண்கள் காணாமல் போயின. எரியவிட்டார். வந்தன. இன்னொரு முறை அணைத்தார்.

"அப்ப நான் இல்லாட்டி முன்பக்கமே நிக்காது?"

"நிக்கவே நிக்காது மாமா" என்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாகச் சொன்ன பதில் வேறு கிடையாது.

அவர் தலையாட்டினார். "அளவு பெரிய மாப்ள போட்டபடியே இருக்கட்டும். பேரையெல்லாம் மாத்திருங்க. பெருச மட்டும் விட்ருங்க. மனை முடுக்குற அன்னிக்கி சின்ன மாப்ள கூடமாட நின்னு அளவு புடிக்கட்டும்."

ஜெயித்தது நான்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க சொந்தக்காரர்கள் செல்போனில் கூப்பிட்டு, சகலை சொன்ன வசனத்தையே என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள். ஜெயித்தவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மனசில் சூடு குறையவே இல்லை.

தரையில் நூல் பிடித்து அறைகளைக் குறிக்கிற, மனை முடுக்குகிற நாள் வந்தது. பழைய வீட்டைப் பிரித்து நிரவியிருந்த இடத்தில் பூசை முடிந்து, கொத்தனார் முளைக்குச்சியும் நூலும் எடுத்து வைத்தார். மரம் மட்டை எதுவும் இல்லாத பொட்டல். வெயில் உச்சியில் இறங்கியது. அளவு டேப் என் கையில் இருந்தது. டேப்புக்கு இரண்டு முனை. அளவைப் படிக்கிறவன் நிற்கிற பக்கம், அன்றைக்கு, கொட்டகை போட்டு நிழலாக இருந்தது. சைபர் இருக்கிற முனையைப் பிடிக்கிறவன் நட்ட நடு வெயிலில், பழைய வீட்டு ஓட்டுச் சில்லுகளுக்கு மேலே குத்தவைத்து உட்காரவேண்டும்.

"சகலை, நீங்க சைபரப் புடிங்க" என்றேன்.

பிடித்தார். பதினோரு அடி முதல் தடவையே துல்லியமாக வந்தது. கொத்தனார் குச்சி அடிக்க வந்தார். இருங்கள் என்று கையைக் காட்டினேன்.

"சகலை, வந்துருச்சா?" வேர்வை மூக்கு நுனியில் சொட்ட அங்கிருந்து கத்தினார்.

"ஒரு நூலளவு இடிக்குது சகலை. ரவுண்டு பண்ண முடியாதுல்ல? அசையாமப் புடிங்க."

கொட்டகைக்குள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். டேப்பைத் தளர்த்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து இழுத்தேன்.